கேபிளை மாற்றச் சொன்னார்கள். சிம்மக்கல் கடைக்காரர் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும் என்றார்

சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் இருக்கிற கடை இது. யு.பி.எஸ்., இன்வெர்ட்டர், பம்ப்செட் ஸ்டார்ட்டர் பழுது பார்க்கப்படும் என்று பலகை சொல்கிறது. மின்சாரக் கார் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனாலும், வீட்டில் கார் சார்ஜ் செய்வதில் தொல்லை என்று மதுரையில் யார் கேட்டாலும் நான் இந்தக் கடைக்குத்தான் வழி சொல்கிறேன்.

எங்கள் வீடு ஒத்தக்கடையில், யானைமலைக்குப் பக்கம். மேலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தினமும் போய்வரக் காரை நம்பியே இருக்கிறேன். காரோடு வந்த கேபிள் ஒரு முனையில் 16 ஆம்பியர் மூன்று முள் பிளக்கும், நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும், மறுமுனையில் காரில் செருகுகிற டைப் 2 தலையும் கொண்டது. பங்குனி முடிந்ததிலிருந்து அது படுத்தத் தொடங்கியது. சில இரவுகளில் முக்கால் மணி நேரம் ஏறிவிட்டு நின்றுவிடும். சில இரவுகளில் செருகிய உடனே பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், காரில் ஒரு சொட்டுக்கூட ஏறாது. இடையில் கோடைமழை பெய்த ஓர் இரவில் மட்டும் செருகியதும் பச்சை விளக்கு எரிந்து, மறுபேச்சில்லாமல் ஏறத் தொடங்கியது.

காரின் சர்வீஸ் நிலையத்தில் கேபிளை வாங்கி உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் திரும்பி வந்து, பெட்டி போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். விலையோ பல ஆயிரம். என்ன சோதித்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கார் என் பெயரில் இருக்கிறது, ஓட்டுகிறவளும் நான்தான்; விளக்கம் எல்லாம் என் கணவரைப் பார்த்தே சொல்லப்பட்டது. அங்கேயே எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

சிம்மக்கல் அண்ணன் கேபிளைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்தார். "செருகிய உடனே நிற்கிறதா, கொஞ்ச நேரம் ஏறிய பிறகு நிற்கிறதா?" இரண்டும் நடக்கிறது என்றேன். "அப்படியானால் இரண்டு நோய் இருக்கிறது அம்மா, ஒன்றாகப் பார்த்தால் குழப்பும்" என்றார். செருகியதும் மறுத்தால் பெரும்பாலும் எர்த் சரியில்லை அல்லது பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. நேரம் கழித்து நின்றால் எங்கோ சூடாகிறது. சாயங்காலம் மட்டும் நின்றால் மின்னழுத்தம் இறங்குகிறது. மழை பெய்த இரவைப் பற்றிச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "இதை முதலிலேயே யாரும் கேட்கவில்லையா?" என்றார்.

மல்டிமீட்டரை எடுத்து டைப் 2 தலையைக் காட்டினார். ஏழு துளைகள், மேலே இருக்கிற சிறியவை இரண்டும் மின்சாரம் கொண்டுபோக அல்ல, காரும் பெட்டியும் பேசிக்கொள்ள. அவற்றில் ஒன்றுக்கும் நடுவில் உள்ள எர்த் துளைக்கும் இடையே மீட்டர் 680 ஓம் காட்டியது. இந்தக் கேபிள் 20 ஆம்பியர் வரை தாங்கும் என்று காருக்குச் சொல்லும் அளவு அது. தலைக்கு அருகே கேபிளை நாலாபக்கமும் வளைத்துப் பார்த்தார், எண் அசையவில்லை. கம்பி உள்ளே அறுந்திருந்தால் வளைக்கும்போது எண் துள்ளும் என்றார். அதன் பிறகு, இதே கேபிளை வேறு வீட்டில் செருகிப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. திருநகரில் என் நாத்தனார் வீட்டில் ராத்திரி முழுக்க ஒரு தடையும் இல்லாமல் ஏறியது. கேபிள் மீது இருந்த பழி அங்கேயே தீர்ந்தது.

பிறகு வீட்டுக்கே வந்தார். அரைமணி நேரம் சார்ஜ் ஏற்றவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி என்னிடம் நீட்டினார். பேஸ் முள்ளைச் சுற்றி பிளாஸ்டிக் பழுத்துப்போயிருந்தது. மற்ற இரண்டு முட்களும் புதிதுபோல இருந்தன. சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே பித்தளைக் கவ்விகளில் ஒன்று விரிந்து, கருநீலமாகிக் கிடந்தது. அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 14 ஆம்பியர் போகும்போது ஏறத்தாழ 20 வாட் வெப்பம் வரும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் ராத்திரி முழுக்க எரியவிட்டதற்குச் சமம். இஸ்திரிப்பெட்டி கால் மணி நேரம் இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கார் எட்டு, ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கிறது. சாதாரண சாக்கெட் அதற்குப் பழக்கப்படவில்லை. பிளக்குக்குள் இருக்கிற வெப்ப உணரி அந்தச் சூட்டைப் பார்த்துத்தான் சார்ஜை நிறுத்தியிருக்கிறது. பெட்டி கெடவில்லை, எங்கள் வீட்டைத் தீயிலிருந்து காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது.

எர்த் கதை இன்னும் மோசம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் 171தான். சந்தேகம் தீர, 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்தார். எர்த் நன்றாக இருந்தால் பளிச்சென்று எரிந்திருக்க வேண்டும்; இழை லேசாகச் சிவந்ததோடு சரி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இப்படிச் சோதித்தால் அது விழுந்துவிடும்; எங்கள் வீட்டில் அப்போது அது இல்லை. பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்.) பழைய எர்த் குழியின் மேல் சிமென்ட் தளம் போட்டுவிட்டிருந்தார்கள், தண்ணீர் இறங்க வழியே இல்லை. மலையடிவாரத்து மண் கோடையில் காய்ந்து எலும்பாகிவிடும். மழை பெய்தால் மண் நனையும், எர்த் உயிர்பெறும், கார் ஏற்றுக்கொள்ளும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரம் போக வழியில்லாத வீட்டில் ஏறமாட்டேன் என்று அந்தப் பெட்டி மறுத்தது எவ்வளவு நியாயம்!

பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற பக்கமாகப் புதுக்குழி தோண்டச் சொன்னார். நாலடியில் பாறை தட்டியது. அதனால் தள்ளித்தள்ளி இரண்டு குழிகள் எடுத்து, கரியும் உப்பும் போட்டு, துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையால் (ஜி.ஐ.) இரண்டையும் இணைத்தார்கள். மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் தனியாக இழுத்து, மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்து, கனமான கவ்விகள் கொண்ட புது 16 ஆம்பியர் சாக்கெட் பொருத்தினார்கள். இப்போது பேஸுக்கும் எர்த்துக்கும் 227. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட்டுக்குக் கீழே. அக்கினி நட்சத்திரத்திலும் ஒரு நாள் நிற்கவில்லை.

பழுத்த பிளக்கை அறுத்துவிட்டு வேறு மாட்டித் தரச் சொல்லி நான் கேட்டதற்கு, உறுதியாக மறுத்துவிட்டார். உள்ளே வார்ப்போடு இருக்கும் உணரி போய்விடும், வாரண்டியும் போய்விடும் என்றார். முள்ளை மட்டும் தேய்த்துச் சுத்தம் செய்து, மாதம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், பழுப்பு பரவினால் அன்றைக்கு முழுக் கேபிளையும் மாற்றிவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். வருகிற காசை வேண்டாம் என்று சொல்லும் கைவேலைக்காரரை இந்தக் காலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்கவே மாட்டார். ஒயரிங் வேலையை அவர் செய்வதில்லை, உரிமம் பெற்ற வேறொரு எலெக்ட்ரீஷியனிடம் கொடுக்கிறார். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அந்த நாட்களில் திருநகருக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ரசீதைக் கேட்டால்தான் எழுதுகிறார். செலவு புதுக் கேபிளின் விலையைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது, ஏறக்குறைய அதே அளவுதான் ஆனது. ஆனால் புதுக் கேபிள் வாங்கியிருந்தால் அதையும் அதே சாக்கெட் பொசுக்கியிருக்கும்.

போகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடுங்கள். பிறகு கடை சாயங்காலம்தான் திறக்கும். கேபிளோடு காரின் குறிப்பேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு எத்தனை முறை விட்டுவிட்டு எரிகிறது என்பதை வீட்டிலேயே செல்போனில் படம்பிடித்துக் கொண்டுபோனால், அவர் அதைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பாதி வேலையை அங்கேயே முடித்துவிடுவார்.