ஒரு சார்ஜில் 450 கிலோமீட்டர் என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்

எலெக்ட்ரிக் கார் எடுக்கப் போகிற குடும்பஸ்தர்கள், அதிலும் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை ஊருக்குக் காரிலேயே போய்வருகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதெல்லாம் பணம் கட்டிய பிறகுதான் புரிந்தது.

எங்கள் வீடு அம்பத்தூரில். சொந்த ஊர் திருநெல்வேலி. வாசலுக்கு வாசல் சுமார் 630 கிலோமீட்டர். பழைய டீசல் கார் பன்னிரண்டு வருஷம் உழைத்து ஓய்ந்துவிட்டது. எலெக்ட்ரிக் காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு இருந்தது, ஜி.எஸ்.டி.யும் 5 சதவீதம்தான், தினமும் ஆபீஸ் போய்வர வீட்டுக் கரண்டே போதும். இப்படிக் கணக்குப் போட்டு 2024 ஆடி ஆஃபரில் புக் செய்து, ஆவணியில் வண்டி எடுத்தோம்.

ஷோரூமில் உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வியே ஊர்ப் பயணத்தைப் பற்றித்தான். "ஐந்து பேர் உட்காருவோம், டிக்கி நிறையச் சாமான் இருக்கும், ஏ.சி. ஓடும், நூறில் போவேன். எவ்வளவு தூரம் வரும்?" என்று தெளிவாகவே கேட்டேன். விற்பனைக்காரத் தம்பி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மேலூர் வரைக்கும் சார்ஜரை நினைக்கவே வேண்டாம் சார்" என்றார். கொட்டேஷன் தாளின் ஓரத்தில் நீல மையில் "1 சார்ஜ் = 450 கி.மீ. ஹைவே" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தார். அந்தத் தாள் இன்றும் என் ஃபைலில் இருக்கிறது.

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப் போனபோது திரையைக் காட்டினார். முழு சார்ஜ், மீதித் தூரம் 438 என்று எழுதியிருந்தது. வண்டியே சொல்கிறதே என்று நம்பிவிட்டேன். ஒரு தடவை பைபாஸில் ஏற்றி ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். டெமோ வண்டியை அவ்வளவு தூரம் கொண்டுபோக அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

அந்த 438 எப்படி வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். திரையில் வருகிற மீதித் தூரம் பேட்டரியை அளந்து சொல்கிற தூரம் என்று நாம் நினைக்கிறோம். கடைசியாக எப்படி ஓட்டினார்களோ, அதே மாதிரி தொடர்ந்து ஓட்டினால் இவ்வளவு போகும் என்று வண்டி போடுகிற கணக்குதான் அது. டெமோ வண்டி நாள் முழுக்க ஷோரூமைச் சுற்றி முப்பது நாற்பது வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். சிக்னலுக்குச் சிக்னல் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கரண்ட் திரும்பிப் பேட்டரிக்கே போகும். அந்த ஓட்டத்துக்கு 438 பொய் இல்லை. உளுந்தூர்பேட்டை ரோட்டுக்கு அது சுத்தப் பொய்.

எடுத்த பிறகு ஒன்பது மாதம் ஊருக்குள்தான் ஓட்டம். காஞ்சிபுரம், மகாபலிபுரம் தாண்டிப் போகவில்லை. வண்டி மேல் ஒரு குறையும் தெரியவில்லை. 2025 வைகாசியில் சித்தி மகள் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நிச்சயதாம்பூலம். என் அம்மா பெண்ணுக்குப் பெரியம்மா. தாம்பூலத் தட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியவள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நூறு சதவீத சார்ஜ், நாலு மணிக்குள் போய்விடலாம் என்று நிம்மதி.

விழுப்புரம் வந்தபோது சுமார் 165 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பேட்டரி 34 சதவீதம்.

மேலூர் வரை கொண்டுபோக வேண்டிய சார்ஜ் பெரம்பலூருக்கே தாங்காது என்று அப்போதுதான் உறைத்தது. பதற்றத்தில் ஏ.சி.யை அணைத்தேன். அம்மா கல்யாணப் பத்திரிகையின் கவரை மடித்து விசிறிக்கொண்டு வந்தாள். நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. "எனக்கு ஒண்ணுமில்லப்பா, நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள். இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம், அந்த வேதனைக்கு அவசியமே இல்லை என்பது. நூறு வேகத்தில் வண்டி ஓட மணிக்கு 15, 16 யூனிட் கரண்ட் பிடிக்கிறது. ஏ.சி. குடிப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மொத்தத்தையும் தின்றது வேகம். 80-லிருந்து 100-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஏ.சி.யை ஓடவிட்டு 85-இல் போயிருந்தால் போதும். வண்டி கொடுக்கும்போது இந்த ஒரு வரியைச் சொல்ல ஷோரூமில் ஓர் ஆள் இல்லை.

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஓர் ஓட்டல் வளாகத்தில் சார்ஜர் கிடைத்தது. மேலே 60 கிலோவாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. இரண்டு குழாயில் ஒன்றை வேறொருவர் சொருகியிருந்தார். மற்றதை நான் சொருகினேன். திரையில் 28-க்கு மேல் ஏறவில்லை. இரண்டு வண்டி நின்றால் அந்த 60-ஐ இரண்டுக்கும் பங்கு போடுகிற மெஷின்கள் நிறைய இருக்கின்றன. எண்பது சதவீதம் வர ஐம்பது நிமிஷம் ஆனது. திருச்சியில் வரிசையில் நின்று சார்ஜ் ஏற்ற இரண்டரை மணி நேரம், மதுரையில் ஒன்றே கால் மணி நேரம். திருநெல்வேலி மண்டபத்துக்குள் நுழைந்தபோது இரவு எட்டே கால். தட்டு மாற்றி, சாப்பாடும் முடிந்திருந்தது. சித்தி ஒன்றும் கேட்கவில்லை. அம்மா நேராகப் போய்ப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வந்ததும் தாளை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். அந்தத் தம்பி அங்கே இல்லை. மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, "இது அவர் சொந்தமா எழுதினது சார், கம்பெனி சொன்னது இல்லை" என்றார். கம்பெனி புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்: சோதனை நிலைமைகளில் கிடைத்த தூரம். பேட்டரியைப் பரிசோதித்து நன்றாக இருக்கிறது என்றார்கள். அதை நான் நம்புகிறேன். பேட்டரி என்னை ஏமாற்றவில்லை. தெரிந்தே பொய் சொல்லி விற்றவர்கள்தான் ஏமாற்றினார்கள்.

அந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்தத் தூரத்தை உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டித்தான் அளக்கிறார்கள். ஊருக்குள் ஓடுவதற்கான பகுதியில் வேகம் 50-ஐத் தாண்டாது. நெடுஞ்சாலைப் பகுதியிலும் 90-க்கு மேல் போகாது. ஏ.சி. ஓடாது. அந்த எண்ணை ஊர்ப் பயணத்துக்கான எண் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. நேர்மையாகச் சொல்ல முடியாது என்று எந்தக் கம்பெனியும் சாக்குச் சொல்ல முடியாது. 2024-ல் டாடா தன் கர்வ் இ.வி.யை வெளியிட்டபோது சோதனைத் தூரம் 585 என்றும், சாலையில் எதிர்பார்க்கக்கூடியது 400-லிருந்து 425 என்றும் சேர்த்தே சொன்னது. (என்னுடையது அந்த வண்டி இல்லை.)

இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், தூரத்தைக் கேட்காதீர்கள், பேட்டரி எத்தனை யூனிட் என்று கேளுங்கள் என்கிறேன். நூறு வேகத்தில் குடும்பத்தோடு போனால் எங்கள் மாதிரி வண்டி யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான் கொடுக்கிறது. வழியில் யாரும் 10 சதவீதத்துக்குக் கீழே இறக்குவதில்லை. 80-க்கு மேல் ஏற்றம் மெதுவாகிவிடும். அதனால் முதல் நிறுத்தத்துக்குப் பிறகு கையில் இருப்பது எழுபது சதவீதம் மட்டுமே. என் 40 யூனிட் பேட்டரியில் அது 28 யூனிட். 170, 175 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். அறுபது யூனிட் பேட்டரி என்றால் 250-ஐத் தாண்டலாம். சென்னை - நெல்லைக்கு மூன்று நிறுத்தம் எங்கே, இரண்டு நிறுத்தம் எங்கே! வேகச் சார்ஜரில் வண்டி அதிகபட்சம் எத்தனை கிலோவாட் வாங்கும் என்பதையும் கேட்க வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைக் கூட்டிப்போய்ப் பின்சீட்டில் பத்து நிமிஷம் உட்காரவையுங்கள். பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் சில வண்டிகளில் தரை உயர்ந்து முட்டி மேலே தூக்கிக்கொள்கிறது. மதுரை தாண்டியதும் அம்மா தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

புகாருக்கு வருகிறேன். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். ஷோரூமிலிருந்து வந்த பதிலில் மேனேஜர் சொன்னதே திரும்ப இருந்தது. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தாக்கல் செய்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. என் கையில் இருக்கும் ஒரே பலமான சாட்சி அந்த நீல மை வரிதான். வாயால் சொன்னதை மட்டும் நம்பி வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. அதனால் விற்பவர் சொல்கிற ஒவ்வொரு எண்ணையும் தாளில், ஷோரூம் முத்திரையோடு எழுதி வாங்குங்கள்.

போன மாதம் என் மச்சான் கார் பார்க்கப் போனார். கூடவே போனேன். ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட் வரை ஓட்டிப் பார்க்காமல் பேசவே மாட்டோம் என்றோம். முதல் ஷோரூம் மறுத்தது; வெளியே வந்துவிட்டோம். இரண்டாவது இடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். தூரக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நாலு பேர் ஏறி, ஏ.சி. போட்டு, தொண்ணூறிலிருந்து நூறுக்குள் ஓட்டினோம். டோல்கேட்டில் ஓரமாக நிறுத்தி மச்சான் திரையைப் போட்டோ எடுத்தார். யூனிட்டுக்கு 6.1 கிலோமீட்டர்.