வாய்ஸ்மெயிலைக் குரலாலேயே கேட்க: சிரி, கூகுள், வாய்ஸ் ஆக்ஸஸ், கமா போட்ட நம்பர் – எது எங்கே கைகொடுக்கும்?

கை ஈரமாக இருக்கிறது, வண்டி ஓட்டுகிறீர்கள், விரல்கள் ஒத்துழைப்பதில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் போனைத் தொடாமல் வாய்ஸ்மெயில் (நீங்கள் அழைப்பை எடுக்காதபோது அழைத்தவர் பேசிப் பதிந்துவிடும் செய்தி) கேட்க வேண்டும் என்றதும் பேச்சு ஐபோனின் சிரியா, ஆண்ட்ராய்டின் கூகுளா என்றே தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்களுக்கு வந்த செய்தி போனுக்குள் இறங்கியிருக்கிறதா, நெட்வொர்க் நிறுவனத்தின் சர்வரிலேயே கிடக்கிறதா? எந்த வழி உங்களுக்குச் சரிப்படும் என்பதை இந்த ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது. எவ்வளவு கெட்டிக்கார அசிஸ்டன்ட்டாக இருந்தாலும் சர்வருக்குள் இருப்பதை எடுத்துப் போட்டுக் காட்டாது. அங்கே போன் போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். போன் ஆப்பில் வாய்ஸ்மெயில் பகுதியைத் திறங்கள். யாரிடமிருந்து, எப்போது, எத்தனை நொடி என்று ஒரு பட்டியல் தெரிந்தால் அது விஷுவல் வாய்ஸ்மெயில். 2007-ல் முதல் ஐபோனுடன் பிரபலமான ஏற்பாடு இது; செய்திகள் ஆடியோ கோப்புகளாகப் போனுக்கே வந்துவிடும். தொட்டதும் ஒரு எண்ணுக்கு அழைப்பு போய், “செய்திகளைக் கேட்க 1 அழுத்தவும்” என்று குரல் ஒலித்தால் உங்களுடையது பழைய முறை. கீபேடில் 1-ஐ அழுத்திப் பிடித்தால் போகும் அழைப்பும் இதே இடத்துக்குத்தான்.

விஷுவல் வாய்ஸ்மெயில் இருந்தால் சிரிதான் முதலிடம்

2013-ல் வந்த ஐஓஎஸ் 7 (ஐபோனின் இயங்குதளம்) முதலே சிரிக்கு வாய்ஸ்மெயிலை இயக்கத் தெரியும். “டூ ஐ ஹேவ் எனி நியூ வாய்ஸ்மெயில்” என்று கேட்டால் புதிதாக இருப்பதைச் சொல்லும். “பிளே தி வாய்ஸ்மெயில் ஃப்ரம்” என்று சொல்லி ஒருவர் பெயரைச் சேர்த்தால் அவருடைய செய்தியை மட்டும் ஓட்டும். மற்ற எந்த வழியிலும் இவ்வளவு நேரடியாக ஒரு குறிப்பிட்ட ஆளின் செய்திக்குப் போக முடியாது. அழைப்பு இல்லை, பின் எண் (PIN) இல்லை, மெனு இல்லை.

குறைகளும் உண்டு. சிரியிடம் முழுக்கத் தமிழிலேயே பேச முடியாது; ஆங்கிலக் கட்டளைக்கு நடுவே தமிழ்ப் பெயரை அது தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொள்ளும். கான்டாக்ட்டைத் திறந்து, திருத்தும் பக்கத்தில் பெயருக்கான உச்சரிப்புப் புலத்தைச் சேர்த்து, சிரி எப்படி உச்சரிக்க வேண்டுமோ அப்படியே எழுதி வைத்தால் இந்தத் தகராறு பெருமளவு குறையும். பெயர் சேமிக்கப்படாத எண்ணிலிருந்து வந்த செய்தியைப் பெயர் சொல்லிக் கேட்க வழியில்லை, புதியவற்றை வரிசையாகத்தான் ஓட்ட வேண்டும்.

இன்னொன்று: விஷுவல் வாய்ஸ்மெயில் உங்கள் நெட்வொர்க் நிறுவனம் தந்தால்தான் உண்டு. ஐபோன் வாங்கியதால் தானாக வந்துவிடாது. அந்தச் சேவை இல்லாத இணைப்பில் சிரியும் மற்றவற்றைப் போல எண்ணுக்கு அழைக்கும் கருவியாகச் சுருங்கிவிடும். சிம் மாற்றினால் பழைய செய்திகள் அழிந்துபோகவும் வாய்ப்பிருக்கிறது. முக்கியமான செய்தியைப் பகிரும் பொத்தான் மூலம் கோப்பாகச் சேமித்துவிட்டு சிம்மை மாற்றுங்கள்.

ஐஓஎஸ் 18-ல் வந்த வோக்கல் ஷார்ட்கட்ஸும் இங்கே உதவும். செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டிக்குள் இருக்கிறது. ஒரு சொற்றொடரை மூன்று முறை சொல்லிக் காட்டி, அதற்கு ஒரு சிரி கோரிக்கையை இணைத்துவிட்டால், பிறகு “ஹே சிரி” என்ற முன்னழைப்பே வேண்டாம். பேச்சு தெளிவாக வராதவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதால், நீளமான ஆங்கில வாக்கியத்தைச் சொல்லத் தடுமாறுபவர்களுக்கும் ஏற்றது.

கூகுள் அசிஸ்டன்ட், ஜெமினி: அழைப்பது வரை சரி

ஆண்ட்ராய்டில் “கால் வாய்ஸ்மெயில்” என்றால் போதும், சிம்மில் பதிந்திருக்கும் வாய்ஸ்மெயில் எண்ணுக்கு அழைப்பு போய்விடும். அழைப்பு இணைந்த பிறகு அசிஸ்டன்ட்டின் (அல்லது அதன் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஜெமினியின்) வேலை முடிந்தது. “1 அழுத்தவும்” என்ற குரலுக்கு நீங்கள் “ஒன்று” என்று வாயால் சொன்னால் ஒன்றும் நடக்காது. பெரும்பாலான வாய்ஸ்மெயில் அமைப்புகள் எதிர்பார்ப்பது கீபேட் எழுப்பும் இரட்டை ஒலியை. 1-க்கு 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்த ஒலி. அதை அழைப்புக்குள் அனுப்பும் வேலையை அசிஸ்டன்ட் செய்வதில்லை. பலர் “கூகுள் வேலை செய்யவில்லை” என்று கைவிடுவது இந்த இடத்தில்தான்.

அதற்கும் முன்பே கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. வாய்ஸ்மெயில் எண்ணே பதிவாகாமல் இருப்பது ஒன்று. கூகுளின் போன் ஆப்பில் செட்டிங்ஸ், வாய்ஸ்மெயில், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், செட்டப் என்று போனால் எண்ணைப் போடும் இடம் வரும். இரண்டு சிம் இருப்பது அடுத்தது. அழைப்புக்கு எந்த சிம் என்று முன்கூட்டித் தேர்ந்து வைக்காவிட்டால், போன் திரையில் “எந்த சிம்?” என்று கேட்டு நின்றுவிடும். கையால் தொடாமல் கேட்பது என்ற நோக்கமே அங்கே அடிபட்டுப்போகிறது. சிம் செட்டிங்ஸில் அழைப்புகளுக்கு ஒரு சிம்மை நிரந்தரமாக்குங்கள். வாய்ஸ்மெயில் எண் ஒவ்வொரு சிம்முக்கும் தனி. சரியான சிம்மில்தான் போட்டிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரியை விட கூகுள் ஒரு விஷயத்தில் தெளிவாக முன்னே நிற்கிறது: தமிழ். வாய்ஸ்மெயில் எண்ணை “குரலஞ்சல்” என்று தமிழ்ப் பெயரில் கான்டாக்ட்டாகச் சேமித்து, அசிஸ்டன்ட்டின் மொழிகளில் தமிழைச் சேர்த்தால், “குரலஞ்சலுக்கு கால் பண்ணு” என்று சொல்லலாம். பெயர் மற்ற கான்டாக்ட்டுகளோடு ஒலியில் மோதாததாக இருக்கட்டும். “மெயில்” என்று மட்டும் வைத்தால் மயிலு வீட்டுக்கு அழைப்பு போகலாம்.

கமா போட்ட நம்பர்: பழைய முறைக்கு இதுதான் சரியான மருந்து

சர்வரில் கிடக்கும் செய்திகளை எந்த அசிஸ்டன்ட்டாலும் கேட்க வைக்கும் வழி, அழுத்த வேண்டிய எண்களையெல்லாம் கான்டாக்ட்டுக்குள்ளேயே எழுதி வைப்பது. புதுமையான வித்தை இல்லை, ஆனால் ஒழுங்காக அமைத்துவிட்டால் இதற்கு ஈடு கிடையாது.

போன் எண்ணில் கமா என்றால் சுமார் 2 நொடி நிறுத்தம். ஆண்ட்ராய்டில் கான்டாக்ட்டைத் திருத்தும்போது வரும் எண் கீபோர்டிலோ, டயல்பேடின் மூன்று புள்ளி மெனுவிலோ இந்த நிறுத்தத்தைச் சேர்க்கலாம். ஐபோனில் கான்டாக்ட்டைத் திருத்தும்போது கீபேடின் மூலையில் இருக்கும் +*# பொத்தானுக்குள் ‘பாஸ்’ என்று இருக்கும். அதன் அருகிலேயே ‘வெயிட்’ என்று ஒன்று உண்டு; அது அரைப்புள்ளி (;) போடும். அதைத் தொடாதீர்கள். வெயிட் வந்ததும் போன் நின்று, மீதி எண்களை அனுப்பத் திரையைத் தொடச் சொல்லும்.

கடைசியில் எண் இந்த வடிவில் இருக்கும்: வாய்ஸ்மெயில் எண், மூன்று கமா, பின் எண், #, இரண்டு கமா, 1. எத்தனை கமா என்பதை ஊகித்துப் போடக் கூடாது. முதலில் கையால் ஒரு தடவை அழையுங்கள். மறுமுனை எடுத்த கணத்திலிருந்து “பின் எண்ணை உள்ளிடவும்” என்று கேட்கத் தொடங்கும் வரை எத்தனை நொடி என்று கடிகாரத்தில் பாருங்கள். 5 நொடி என்றால் மூன்று கமா. பின் எண் போட்ட பிறகு முதன்மை மெனு தொடங்க எத்தனை நொடி என்பதையும் அதேபோல் அளந்து, அடுத்த கமாக்களைப் போடுங்கள். 1 என்பது எல்லா நிறுவனத்திலும் ஒன்றல்ல. உங்கள் மெனு எந்த எண்ணைக் கேட்கிறதோ அதுதான்.

சந்தேகம் வந்தால் ஒரு கமா கூடுதலாகவே இருக்கட்டும். அறிவிப்பு பேசிக்கொண்டிருக்கும்போதே எண்களை ஏற்றுக்கொள்வது பெரும்பாலான அமைப்புகளின் வழக்கம். அதனால் கொஞ்சம் தாமதமாகப் போனால் கெடுதல் இல்லை. சீக்கிரம் போனால் முதல் இலக்கம் விழுங்கப்படும், மீதி மூன்று இலக்கம் தவறான பின் எண்ணாகப் பதிவாகும். இதையே நாலைந்து முறை திரும்பச் செய்தால் பெட்டி பூட்டிக்கொள்ளவும் கூடும். இரண்டு முறை தவறினால் நிறுத்திவிட்டு நொடிகளை மறுபடி அளங்கள்.

இந்த கான்டாக்ட்டை சிரியும் அழைக்கும், கூகுளும் அழைக்கும், புளூடூத் ஹெட்செட்டின் பொத்தானை அழுத்திப் பெயர் சொன்னாலும் போகும். ஐபோனில் ஷார்ட்கட்ஸ் ஆப்பில் அழைப்புச் செயலை வைத்து ஒரு ஷார்ட்கட் செய்து, அதற்குப் பிடித்த பெயர் கொடுத்தும் கூப்பிடலாம்.

இதன் உண்மையான விலை பாதுகாப்பு. பின் எண் கான்டாக்ட்டில் வெளிப்படையாக இருக்கிறது. கான்டாக்ட்டுகள் கிளவுடுக்குப் போகின்றன, சில ஆப்கள் அவற்றைப் படிக்கின்றன, யாருக்காவது அந்த கான்டாக்ட்டை அனுப்பினால் பின் எண்ணும் கூடவே போகிறது. ஆகவே வங்கிக்கோ போன் லாக்குக்கோ பயன்படுத்தும் எண்ணை இங்கே வைக்கவே வேண்டாம். இதற்காக பின் எண்ணையே நீக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அழைப்பது யார் எண் என்பதை மட்டும் நம்பித் திறக்கும் பெட்டியை, அழைப்பவர் எண்ணைப் போலியாகக் காட்டித் திறக்க முடியும். பிரிட்டனில் ஒரு வார இதழ் 2011-ல் மூடப்படும் அளவுக்குப் போன ஒட்டுக்கேட்பு விவகாரத்தில், யாரும் மாற்றாமல் விட்ட தொடக்க பின் எண்களும் ஒரு வாசலாக இருந்தன.

வாய்ஸ் ஆக்ஸஸ், வாய்ஸ் கண்ட்ரோல்: முழுத் திரையும் குரலுக்கு

கேட்பது மட்டும் போதாது. அழிக்க வேண்டும், திரும்ப ஓட்ட வேண்டும், திருப்பி அழைக்க வேண்டும் என்றால் அசிஸ்டன்ட்டுகளை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். கைகளைப் பயன்படுத்த முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆண்ட்ராய்டின் வாய்ஸ் ஆக்ஸஸில் “ஓபன் போன்”, “டேப் வாய்ஸ்மெயில்” என்று வரிசையாகச் சொல்லலாம். பெயர் தெரியாத பொத்தானுக்கு “ஷோ நம்பர்ஸ்” என்றால் திரையில் உள்ள ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் முளைக்கும். அந்த எண்ணைச் சொன்னால் தொட்டது போலாகும். 2019-ல் ஐஓஎஸ் 13-உடன் வந்த வாய்ஸ் கண்ட்ரோலிலும் இதே கட்டளைகள் உண்டு.

அழைப்புக்குள் எண்களை அழுத்த வைப்பதில்தான் கவனம் தேவை. வாய்ஸ் ஆக்ஸஸின் செட்டிங்ஸில் அழைப்பின் போதும் செயல்பட அனுமதிக்கும் தேர்வு இருக்கிறது. அதை இயக்காவிட்டால் அழைப்பு இணைந்ததும் அது ஓய்ந்துவிடும். கீபேடைத் திறந்த பிறகு “ஹைட் நம்பர்ஸ்” சொல்லி அடையாள எண்களை மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 7 என்ற விசைக்கு மேல் 12 என்ற அடையாளமும், ஸ்பீக்கர் பொத்தானுக்கு மேல் 7 என்ற அடையாளமும் இருக்கும். நீங்கள் “7” என்றதும் ஸ்பீக்கர் அணையும். செய்தியை அழிக்க 7 என்று இருக்கும் மெனுவில் இந்தக் குழப்பம் எவ்வளவு எரிச்சல் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீக்கரில் வாய்ஸ்மெயில் குரல் பேசும்போது, “1 அழுத்தவும்” என்ற அதன் பேச்சையே போன் கட்டளையாக எடுத்துக்கொள்வதும் உண்டு. ஹெட்செட் மாட்டினால் இது தீரும்.

எழுத்தாக மாற்றிப் படிக்கச் சொல்வது

சில நிறுவனங்கள் வாய்ஸ்மெயிலை எழுத்தாக்கி எஸ்எம்எஸ்ஸாக அனுப்புகின்றன. அப்படி வந்தால் “ரீட் மை மெசேஜஸ்” என்றதும் எந்த அசிஸ்டன்ட்டும் படித்துவிடும். ஐஓஎஸ் 17-ல் வந்த லைவ் வாய்ஸ்மெயில், ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுத்தைத் திரையில் காட்டும். ஆதரிக்கும் மொழிகள் சிலவே. அவசரமா இல்லையா என்று பார்க்க எழுத்து போதும். பெயர், போன் எண், முகவரி வந்தால் ஆடியோவையே கேளுங்கள், எழுத்தாக்கம் சறுக்குவது அவற்றில்தான்.

காருக்குள்

ஐபோனைக் காரின் திரையோடு இணைக்கும் கார்ப்ளேயில் ஸ்டீயரிங் பொத்தானை அழுத்தி மேலே சொன்ன சிரி கட்டளைகளையே சொல்லலாம். ஆண்ட்ராய்டு ஆட்டோவில் கமா போட்ட கான்டாக்ட்தான் சிறந்த வழி, ஏனென்றால் ஓடும் வண்டியில் திரைக் கீபேடைத் தேடுவது ஆபத்து. சில கார்களின் சொந்தக் குரல் ஏற்பாட்டில் அழைப்புக்குள் எண்களை அனுப்பும் கட்டளையே இருக்கிறது. காரின் கையேட்டில் தொலைபேசிப் பகுதியில் தேடிப் பாருங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். போனை லாக் செய்து மேசையில் வையுங்கள். வீட்டில் வேறொருவரை, நீங்கள் சொல்லும் அதே கட்டளையைச் சொல்லச் சொல்லுங்கள். செய்தி ஓடினால், லாக் திரையில் அசிஸ்டன்ட் இயங்கும் அனுமதியை அணையுங்கள். ஐபோனில் அது சிரியின் செட்டிங்ஸில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அசிஸ்டன்ட் அல்லது ஜெமினியின் லாக் திரைப் பகுதியில்.

பெட்டி நிரம்புவதையும் கவனியுங்கள். கேட்ட செய்தி கேட்டதாலேயே அழிவதில்லை. குரலாலேயே கேட்டுவிட்டுப் போகிறவர்களின் பெட்டி மெல்ல நிரம்பி, ஒரு கட்டத்தில் அழைப்பவர் புதிய செய்தி விட முடியாமல் போகும். விஷுவல் வாய்ஸ்மெயிலில் அழித்தவையும் தனிப் பட்டியலில் தங்கும், அதையும் காலி செய்தால்தான் போகும். செய்தி எதுவும் இல்லாமலே வாய்ஸ்மெயில் சின்னம் மட்டும் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தால், வேறொரு போனிலிருந்து உங்களுக்கே ஒரு செய்தி விட்டு, அதைக் கேட்டு அழியுங்கள். சர்வர் புதிய கணக்கை அனுப்பியதும் சின்னம் பெரும்பாலும் மறைந்துவிடும்.