வரம்பில்லாப் பயணச் சீட்டு விமானத்துக்குக் கட்டுப்படியாகுமா?

ராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அது வரும்வரை ராமநாதபுரம் கரைக்காரர்கள் விமானம் ஏற மதுரைக்கோ திருச்சிக்கோ போயாக வேண்டும்; உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து விமான தளம் கடற்படைக்கு உரியது. ஆனாலும் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் விமானக் கட்டணம் அன்றாடக் கவலைகளில் ஒன்று. ஒரு தொகையை மொத்தமாகக் கட்டிவிட்டு, மாதம் முழுவதுமோ ஆண்டு முழுவதுமோ விருப்பம்போல் பறக்கலாம் என்று ஒரு விமான நிறுவனம் பாஸ் விற்றால் அதற்கு லாபம் நிற்குமா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. உலகில் இதுவரை விற்கப்பட்ட பாஸ்களை மூன்று வகையாகவும், அவற்றுக்குப் போட்டியாக எண்ணிக்கை வரம்புள்ள பயணத் தொகுப்பை நான்காவதாகவும் வைத்துப் பார்க்கலாம்.

முதலில், வரம்பில்லாப் பயணம் என்பது நமக்குப் புதிதல்ல. ரயில்வே சீசன் டிக்கெட் அதுதான்: ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு மாத சீசன் எடுத்தவர் அந்த மாதத்தில் எத்தனை முறை போய்வந்தாலும் கூடுதலாக ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. இந்தச் சீசன் 150 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது என்பதால் ராமேசுவரம்-மதுரை தடம் அதற்குள் அடங்காது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும் ஒருவகை வரம்பற்ற பாஸ்தான். இவை இரண்டும் தாக்குப்பிடிப்பதற்கான காரணங்கள் விமானத்துக்குப் பொருந்தாதவை. முன்பதிவில்லாப் பெட்டியில் ஒருவர் கூடுதலாக ஏறினால் இன்னொருவர் கொஞ்சம் நெருங்கி நிற்பார். ரயில்வேக்கு ஏறக்குறைய எந்தச் செலவும் கூடுவதில்லை. பெண்களின் இலவசப் பயணத்துக்கான தொகையையோ அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. விமானத்தில் நின்றுகொண்டு போக முடியாது. ஈடுசெய்யும் அரசும் பின்னால் இல்லை. பாஸ்காரர் அமரும் இருக்கை, பணம் கொடுத்து வரக்கூடிய இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகும் இருக்கையாக இருக்கலாம். லாபமா நஷ்டமா என்ற கணக்கு முழுவதும் அந்த 'இருக்கலாம்' என்பதில்தான் தொங்குகிறது.

முதல் வகை, ஆயுள் பாஸ். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் ஏ-ஏர்பாஸ் என்ற பெயரில், வாழ்நாள் முழுவதும் முதல் வகுப்பில் வரம்பின்றிப் பறக்கும் உரிமையை 2,50,000 டாலருக்கு விற்றது. பின்னர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லும் உரிமைக்கு இன்னொரு 1,50,000 டாலர் வாங்கியது. இன்று இதைக் கேட்பவர்கள் அந்த நிறுவனத்தை ஏமாளி என்கிறார்கள். அந்த ஆண்டின் வட்டி விகிதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. அப்போது அமெரிக்க வங்கிகளின் அடிப்படை வட்டி 20 சதவீதத்தைத் தொட்டிருந்தது. வங்கியில் அந்த வட்டிக்குக் கடன் வாங்குவதைவிட, பணக்காரப் பயணிகளிடம் மொத்தமாக முன்பணம் வாங்கிவிட்டு இருக்கையாகத் திருப்பிக் கொடுப்பது மலிவு என்று அது கணக்குப் போட்டது. பிழை அந்த எண்ணத்தில் இல்லை, வாங்குபவர் யார் என்று கணித்ததில் இருந்தது. பெருநிறுவனங்கள் வாங்கித் தங்கள் உயர் அலுவலர்களுக்குக் கொடுக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், பறப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ளக்கூடிய தனிமனிதர்கள் வந்து வாங்கினார்கள். வட்டி இறங்கியது, வாங்கியவர்களின் ஆயுள் நீண்டது, விலை 1990-களின் தொடக்கத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது, 1994-ல் விற்பனையே நின்றது. 2004-ல் 30 லட்சம் டாலர் என்று மீண்டும் விலைக்கு வைத்தபோது வாங்க ஆளில்லை. துணைப் பயணிக்கான இருக்கையைப் பொய்ப் பெயரில் பதிவு செய்தார்கள் என்று குற்றம்சாட்டி 2008-ல் இருவரது பாஸை நிறுவனம் ரத்து செய்ய, வழக்கு நீதிமன்றம் ஏறியது. இந்த வகையைப் பற்றி இதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. ஒருவரது ஆயுளை விமான நிறுவனம் காப்பீடு செய்யக் கூடாது.

இரண்டாவது வகை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான பாஸ். ஜெட்புளூ நிறுவனம் 2009-ல் செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 8 வரை, 599 டாலருக்கு விருப்பம்போல் பறக்கலாம் என்று விற்றது. அமெரிக்காவில் கோடை விடுமுறை முடிந்து விமானங்கள் காற்றாடும் மாதம் அது. மறு ஆண்டு அதே பாஸை இரண்டு விலையில் போட்டது: எல்லா நாளும் பறக்க 699 டாலர், வெள்ளியும் ஞாயிறும் நீங்கலாகப் பறக்க 499 டாலர். அந்த 200 டாலர் வித்தியாசம் எனக்கு இந்த அலசல் முழுவதிலும் மிகவும் பயனுள்ள எண்ணாகத் தெரிகிறது. ஒரு மாதத்தில் நாலைந்து வெள்ளி, நாலைந்து ஞாயிறு. அந்தச் சில நாள்களுக்கு மட்டும் முழுப் பாஸின் விலையில் கால் பங்குக்கும் மேல் மதிப்பு வைத்திருக்கிறார்கள். நெரிசல் நாள் எது, காலியான நாள் எது என்று தெரிந்துகொண்டு விற்றால் பாஸ் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சைனா ஈஸ்டர்ன் நிறுவனம் 2020 ஜூனில் 3,322 யுவானுக்கு, அந்த ஆண்டு முடியும்வரை வார இறுதிகளில் உள்நாட்டில் எங்கும் பறக்கலாம் என்று விற்றதும் இந்த வகைதான்; கொரோனாவால் விமானங்கள் வெறுமனே கிடந்த காலத்தில் கைக்கு உடனே ரொக்கம் வர வேண்டியிருந்தது.

மூன்றாவது வகை, கடைசி நேரப் பாஸ். ஃபிரான்டியர் நிறுவனம் 2022 நவம்பரில் அறிமுகம் செய்த கோவைல்ட் பாஸில், தொடக்கத்தில் உள்நாட்டுப் பயணத்தைப் புறப்பாட்டுக்கு முதல்நாள்தான் பதிவு செய்ய முடிந்தது. விழாக்கால நெரிசல் நாள்கள் விலக்கு. கட்டணம் ஒரு சென்ட் என்றாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் தனி. விஸ் ஏர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் ஆண்டுக்கு 599 யூரோ என்று 10,000 பாஸ்களை விற்பனைக்கு வைத்தது. புறப்பாட்டுக்கு 72 மணி நேரத்துக்குள்தான் பதிவு, ஒவ்வொரு பயணத்துக்கும் 9.99 யூரோ, கையில் ஒரு சிறு பை மட்டும். அந்தப் பத்து யூரோ சிறிய தொகைதான். ஆனால் பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பவரை அதுவே தடுக்கிறது. எதுவும் செலவில்லை என்றால் நாலு நாளைக்கும் நாலு இருக்கையைப் பிடித்துவைத்து, மனம்போன நாளில் பறக்கும் ஆட்கள் எங்கும் உண்டு.

இந்த மூன்றாவது வகையின் அடிப்படை, பாம்பன் கரையில் மீன் விற்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலம் முடிந்து மிஞ்சிய மீனை, கெட்டுப்போகும் முன் கூறு போட்டு வந்த விலைக்குத் தள்ளிவிடுவது போல, கதவு மூடியதும் மதிப்பு பூஜ்ஜியமாகிவிடும் இருக்கையைத்தான் விமான நிறுவனம் பாஸ்காரருக்குத் தருகிறது. ஆனால் தினமும் மாலையில் மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் காலை ஏலத்துக்கு வருபவர் குறைவார். அதனால்தான் நாளை மதுரையில் இருந்தே ஆக வேண்டும் என்பவரால் பயன்படுத்தவே முடியாத அளவுக்கு இந்தப் பாஸின் நிபந்தனைகள் இறுக்கமாக வைக்கப்படுகின்றன. வரம்பில்லை என்று விளம்பரம் சொல்வதும், வரம்புகளாலேயே லாபம் வருவதும் ஒரே பொருளில் நடக்கின்றன. அதில் ஏமாற்று இருப்பதாக நான் கருதவில்லை, நிபந்தனைகளை வாங்கும் முன்பே பெரிய எழுத்தில் சொல்லிவிட்டால்.

எண்களை வைத்துப் பார்த்தால் லாபம் எங்கே நஷ்டமாகத் திரும்புகிறது என்று தெரியும். நாளை ராமேசுவரத்திலிருந்து சென்னைக்கு 78 இருக்கை கொண்ட ஏ.டி.ஆர். விமானம் தினமும் ஒருமுறை போய்வருவதாகக் கற்பனை செய்துகொள்வோம். இனி வருபவை எல்லாம் என் அனுமானங்கள். சராசரியாக 70 இருக்கை நிரம்புகிறது, 8 காலி. மாதத்துக்கு 60 பறப்பு, 480 காலி இருக்கை. மாதம் 10,000 ரூபாய்க்கு 50 பேருக்குப் பாஸ் விற்றால் வரவு 5 லட்சம். ஒவ்வொருவரும் மாதம் நாலு முறை பறந்தால் 200 பயணம். அவற்றில் கால்வாசி எப்படியும் 4,000 ரூபாய் டிக்கெட் எடுத்துப் போயிருக்கக்கூடியவை என்றால் இழந்த வரவு 2 லட்சம். ஒரு பயணிக்கு எரிபொருள், கையாளுகை எல்லாம் சேர்த்து 600 ரூபாய் என்றால் 1.2 லட்சம். நிறுவனத்துக்கு 1.8 லட்சம் மிச்சம். அதே 50 பேர் தலா பத்து முறை பறந்தால் 500 பயணம் ஆகிறது. காலி இருக்கை போதாது. அவ்வளவு பறப்பவர்கள் தொழிலுக்காகப் பறப்பவர்கள் என்பதால் பாதியை டிக்கெட் எடுத்தே போயிருப்பார்கள்: 10 லட்சம் இழப்பு, கூடவே 3 லட்சம் செலவு, வரவோ அதே 5 லட்சம். எட்டு லட்சம் கையைக் கடிக்கிறது. பாஸின் விலை மாறவில்லை, வாங்கியவர் மாறினார்.

ஆகவே, இந்தக் கரையில் யார் வாங்குவார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மண்டபத்திலோ தேவிப்பட்டினத்திலோ இருப்பவர் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் மதுரை, திருச்சி, சென்னை ஆகியவற்றில் ஒன்றைப் பிடிக்கிறார். அவர்களில் பெரும்பகுதி சபுராளிகள்: துபாயிலோ குவைத்திலோ வேலை பார்த்து, ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ விடுப்பில் வருபவர்கள். விடுப்பு தேதியை முதலாளி முடிவு செய்கிறார். பலருக்கு டிக்கெட்டும் ஒப்பந்தப்படி அவரே தருகிறார். நோன்புப் பெருநாளுக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஒட்டி எல்லோரும் ஒரே நேரத்தில் ஊர் வர முயல்வதால் கட்டணம் ஏறுகிறது. எந்தப் பாஸிலும் முதலில் விலக்கப்படும் நாள்கள் அவைதான். வரும்போது அட்டைப்பெட்டியும் பெரிய சூட்கேசும் இருக்கும். ஒரு சிறு பையோடு, புறப்பாட்டுக்கு 72 மணி நேரமே இருக்கும்போது இடம் தெரிந்துகொண்டு வருவது இவர்களுக்கு நடக்காத காரியம். உள்நாட்டுப் பக்கம் பார்த்தால், தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் ராமேசுவரம் வருகிறவர்களும் தேதியை மாற்ற முடியாதவர்கள்.

பாஸை முதல் நாளிலேயே வாங்கப் போகிறவர் வேறு ஆள். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கோடு போய்வரும், 'குருவி' எனப்படும் ஆட்களுக்குப் பயணக் கட்டணமே தொழிலின் பெருஞ்செலவு. மதுரை-கொழும்புத் தடத்தில் வரம்பற்ற பாஸ் கிடைத்தால் வாரத்துக்கு மூன்று முறை பறக்கத் தயங்க மாட்டார்கள், அது அவர்கள் பிழைப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் முதல் வகுப்பில் நடந்ததுதான் இங்கு கடைசி வரிசையில் நடக்கும். விஸ் ஏரின் ஒற்றைப் பை விதியை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் உண்மையான வேலை புரியும்: லக்கேஜைத் தனியாக எடைபோட்டுக் காசு வாங்கும் பாஸ் குருவிக்குக் கட்டுப்படியாகாது, அதனால் நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். ஆனால் அதே விதி சபுராளியையும் வெளியே நிறுத்திவிடுகிறது. மிஞ்சுபவர்கள் சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர்களும், நாள்கணக்குப் பார்க்காத சில வியாபாரிகளும். அவர்களை நம்பி ஒரு நிறுவனம் இந்தப் பகுதிக்கென்று பாஸ் அச்சடிக்காது.

நான்காவது வழி, எண்ணிக்கை வரம்புள்ள தொகுப்பு. ஏர் கனடா பல ஆண்டுகளாக, இத்தனை ஒருவழிப் பயணங்கள் என்று முன்பணத்துக்கு விற்றுவருகிறது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2022-ல் மாதம் 49 டாலரில் தொடங்கும் சந்தாவை, ஆண்டுக்கு 6, 12 அல்லது 24 பயணம் என்ற வரம்போடு கொண்டுவந்தது. இதில் ஆரவாரம் இல்லை. யாரும் இதைச் செய்தியாக எழுதவும் மாட்டார்கள். ஆனால் ஒரு பயணிக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவாகும் என்பது விற்கும் நாளிலேயே நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. முன்பணத் தொகுப்பில் மொத்தப் பணமும் முன்கூட்டியே கைக்கு வருகிறது. அதிகம் பறப்பவர் மட்டுமே வந்து குவியும் ஆபத்தும் இல்லை. ஏ-ஏர்பாஸில் கிடைத்த அந்த மலிவான கடன் இதிலும் கிடைக்கிறது, ஆயுள் பொறுப்பு இல்லாமல்.

ஆகவே நிறுவனத்தின் லாபம் என்ற ஒரே அளவுகோலில் வைத்தால், கடைசி நேரப் பாஸும் தொகுப்பும் ஏறக்குறைய சமமாக நிற்கின்றன. பெரிய வலைப்பின்னலும் நிறையக் காலி இருக்கைகளும் உள்ள நிறுவனத்துக்குக் கடைசி நேரப் பாஸ் மேலானதாகவும் இருக்கலாம். இந்தக் கரையை மனத்தில் வைத்தால் தொகுப்புக்கே என் வாக்கு. துபாய்-மதுரை, துபாய்-திருச்சி என்ற இரண்டு தடத்திலும் செல்லுபடியாகும் ஆறு ஒருவழிப் பயணங்கள், மூன்று ஆண்டுக் காலம், ஒரே குடும்ப அட்டையில் பெயருள்ள யாரும் பயன்படுத்தலாம், ஒவ்வொரு பயணத்துக்கும் 30 கிலோ லக்கேஜ், பெருநாள் வாரத்தில் பறந்தால் ஒன்றுக்குப் பதில் ஒன்றரைப் பயணம் கழியும் என்று வைத்தால் விலக்கு நாள்களே தேவைப்படாது. கணவர் விடுப்பில் வர முடியாத ஆண்டில் மனைவியும் பிள்ளைகளும் அங்கே போய்வரலாம். கீழக்கரை டிராவல்ஸ் கடைகளின் கமிஷன் ஆறு பயணத்துக்கும் சேர்த்து ஒரே முறையாகக் குறையும் என்பதால், அவர்கள் இதை விரும்பி விற்கமாட்டார்கள். நிறுவனம் முதலில் பேச வேண்டியது அவர்களிடம்தான்.