வேகக் கேமரா எங்கே வைப்பது: ஜிபிஎஸ் தரவா, சாலையோர ரேடாரா?

பரப்பு: வண்டிகளின் ஜிபிஎஸ் தரவு நகரம் முழுக்கக் கிடைக்கும். ரேடார், வைத்த இடத்தை மட்டும் பார்க்கும்.

செலவு: ஜிபிஎஸ்ஸுக்குச் சந்தா, ரேடாருக்குக் கருவியும் ஆளும்.

துல்லியம்: விஷயமே இங்கேதான். ஜிபிஎஸ் தருவது பெரும்பாலும் ஒரு சாலைத் துண்டின் சராசரி. சிக்னலில் நின்ற நேரமும் அதில் கலந்துவிடும். சராசரி 38 கிமீ என்று சாதுவாகக் காட்டும் சாலையில் நள்ளிரவில் ஒருவர் 90-இல் பறந்திருப்பார். ரேடார் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாக அளக்கும். 100-க்கு 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்பது நேராகவே தெரிந்துவிடும்.

சந்தேகச் சாலைகளைச் சலித்தெடுக்க ஜிபிஎஸ் போதும், இரவுத் தரவைத் தனியாகப் பிரித்தால். கேமரா மாட்டும் முன் ரேடார் கட்டாயம். அப்புறம், ரேடார் பெட்டியைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்; பார்த்ததும் எல்லோரும் பிரேக் பிடித்துவிடுவார்கள்.