கம்பெனி ரைபிளா, கஸ்டம் ரைபிளா? கோவையில் இருந்து ஒரு 50 மீட்டர் அனுபவம்

ரைபிள் ரேஞ்சுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைவிட, அவர்களைக் கூட்டி வரும் அப்பாக்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். கம்பெனியில் இருந்து வந்தபடியே ரைபிளை வைத்துச் சுட்டால் போதுமா, இல்லை தனியாகப் பேரல் (குண்டு பாயும் குழல்) போட்டு, அளவெடுத்துச் செய்த கஸ்டம் ரைபிள்தான் வேண்டுமா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியதில் இருந்து கேட்பவர்கள் கூடிவிட்டார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரலும் ஆக்‌ஷனும் (தோட்டாவை ஏற்றி வெடிக்க வைக்கும் பகுதி) கம்பெனியுடையதாகவே இருக்கட்டும். கன்னமும் தோளும் கையும் படுகிற இடங்களை மட்டும் உங்கள் உடம்புக்கு ஏற்றபடி செய்துகொள்ளுங்கள். மிச்சக் காசு தோட்டாவுக்குப் போகட்டும்.

நான் வைத்திருப்பது ஆன்ஷுட்ஸ் கம்பெனியின் 1913 மாடல், .22 எல்ஆர் தோட்டா, வால்நட் மரக் கட்டை (ஸ்டாக்). சீனியர் ஒருவரிடம் இருந்து பழையதாக வாங்கியது. பக்கத்து லேனில் பெரும்பாலும் படுத்திருப்பவர் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அண்ணன். அவருடையதும் என்னுடையதில் உள்ள அதே 54 ஆக்‌ஷன்தான். ஆனால் வெளிநாட்டில் ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்பவர்) கையால் பேரல் மாற்றி, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) இறுக்கமாக வெட்டி, அலுமினிய ஸ்டாக்கில் உட்கார வைத்தது. ஆக, கம்பெனி பேரலும் கஸ்டம் பேரலும் ஒரே வெயிலில், ஒரே காற்றில், பல சமயம் ஒரே லாட் தோட்டாவில் சுடுவதைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன்.

50 மீட்டர் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அடுத்தடுத்த வளையம் ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் அகலம். பத்துக் குண்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்கும் ரைபிள் இருந்தால் நம் ஊர் அளவுக்கு அதுவே தாராளம். நல்ல லாட் கிடைத்தால் என் பழைய கம்பெனி பேரல் அதைச் செய்கிறது. மோசமான லாட் போட்டால் அண்ணனுடைய கஸ்டம் பேரலும் செய்வதில்லை. எனக்கு மனசு மாறியது இந்த இடத்தில்தான்.

லாட் என்றால், ஒரே மெஷினில் ஒரே ஓட்டத்தில் செய்த தோட்டாக்கள். பெட்டியில் ஒரே பெயர், ஒரே விலை இருந்தாலும் லாட் நம்பர் மாறினால் குரூப் (குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது) மாறும். ஒரு பேரலுக்குப் பிடித்த லாட் இன்னொன்றுக்குப் பிடிக்காது. ஏன் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்காகவே தோட்டா செய்யும் லாபுவா கம்பெனி ஜெர்மனியில் ஷோனெபெக்கிலும், எலி கம்பெனி இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்திலும் சோதனை ரேஞ்ச் நடத்துகின்றன. அங்குள்ள போட்டியாளர்கள் ரைபிளைக் கொண்டுபோய்ப் பல லாட்டைச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இறக்குமதி ஆகி வருவதில் நம் பங்குக்கு எது கிடைக்கிறதோ அதுதான். அதனால் நான் செய்வது, கிடைக்கிற இரண்டு மூன்று லாட்டில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, காற்றில்லாத விடியற்காலையில் பத்துப் பத்தாகச் சுட்டு அட்டையைத் தேதி போட்டு வைத்துக்கொள்வது. பிடித்த லாட் போட்டிக்கு, மற்றது பயிற்சிக்கு. புதுப் பேரலுக்கு ஆகிற காசில் வராத பலன் இந்தச் சில்லறை வேலையில் வந்தது.

கஸ்டம் பேரலைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல கையில் வெட்டிய பேரல் உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும், சுத்தம் செய்யும் துணி ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போகும். பிடித்த லாட் கிடைத்த நாளில் அண்ணனின் அட்டையைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரத்தான் செய்கிறது. தொந்தரவு அந்த இறுக்கமான சேம்பரில் இருக்கிறது. தோட்டாவை உள்ளே தள்ளும்போதே குண்டின் முகத்தில் பேரலின் உள்சுவரில் வெட்டியிருக்கும் சுருள் பள்ளத்தின் தடம் பதிகிற அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். குண்டு நேராகக் கிளம்ப அது நல்லது. ஆனால் .22 தோட்டாவில் சேம்பருக்கு முன்னால் கரி வளையமாகப் படியும், அதுவும் கல் மாதிரி இறுகும். என் பேரல் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது. அவருடையது பொறுப்பதில்லை. நன்றாகச் சுட்டுக்கொண்டே வந்து திடீரென்று மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று சிதற ஆரம்பித்தால், அண்ணன் ஒன்றும் பேசாமல் எழுந்து கிளீனிங் ராடைத் தேடுவார். தோட்டாவின் பிராண்டை மாற்றினால் போல்ட் (சேம்பரைப் பின்னால் அடைக்கும் பூட்டு) மூடவே முரண்டு பிடிக்கும். சுடாமல் வெளியே எடுக்க வேண்டி வந்தால் குண்டு மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. வேலை செய்த கன்ஸ்மித்தோ கடல் தாண்டி இருக்கிறார்.

சரி, எனக்குக் கஸ்டம் வேலை எங்கே பலித்தது என்று சொல்கிறேன். கன்னத்தில். படுத்துச் சுடும்போது ஐம்பது அறுபது குண்டுக்குத் தலை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். என் முகம் ஒல்லி. கம்பெனி சீக்பீஸை (கன்னம் வைக்கும் பகுதி) எவ்வளவு திருகினாலும் கன்ன எலும்பு அதன் மேல் முழுசாக உட்காராது, கண்ணைப் பின் சைட்டின் (குறி பார்க்கும் கருவி) துளைக்கு நேராகக் கொண்டுவரக் கழுத்தைக் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கும். முதல் இருபது குண்டு வரை அது தெரியாது. நாற்பதைத் தாண்டும்போது கழுத்துத் தசை இழுக்க, முன் சைட்டின் வளையத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளை வட்டம் ஒரு பக்கம் பிறையாக ஒதுங்கும். குண்டுகள் ஒவ்வொன்றாக, கடிகாரத்தில் மணி ஒன்று இருக்கும் பக்கம் ஏறும். டிரிக்கரைத்தான் சரியாக இழுக்கவில்லை என்று பயிற்சியாளரிடம் திட்டு வாங்கியதும் உண்டு.

கணபதியில் பம்ப்செட் ஷாஃப்ட் கடையும் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் சீக்பீஸை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். ரைபிளைக் கொண்டு போகவில்லை, கொண்டு போகவும் கூடாது. முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"ஏனுங் தம்பி, எட்டு எம்எம் தள்ளி வெச்சா குறி சரியாயிருமுங்களா?"

"குறி நான் பாத்துக்கறனுங்ணா. நீங்க எட்டு எம்எம் மட்டும் சரியா வெச்சுக் குடுங்க."

அலுமினியத்தில் ஒரு எல் வடிவத் தட்டு, அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கனத்தில் நாலைந்து ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு), ஓரங்களைக் கை கிழிக்காதபடி மழுக்கி, மேலே அனோடைஸிங். பட் பிளேட்டுக்கு (தோளில் படும் தட்டு) லேசான சாய்வில் ஒரு ஸ்பேசரும் செய்து தந்தார். மைக்ரானில் வேலை பார்க்கிற மனுஷன், அளவு சொன்னால் போதும். போட்டிக்கு முன்னால் எக்விப்மென்ட் கண்ட்ரோலில் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பார்கள் என்பதால் விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவர் மேஜையிலேயே வைத்துவிட்டேன். ஆன செலவு ஒரு புது ரைபிள் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடைசி இருபது குண்டு முதல் இருபது மாதிரியே விழ ஆரம்பித்தது. ரைபிளின் துல்லியம் கூடவில்லை, என் கழுத்து ஓய்ந்து போவது நின்றது.

பட்டறைக்காரர் கைவைக்கிற எல்லை அவ்வளவுதான். பேரல், போல்ட், டிரிக்கர் பக்கம் உரிமம் இல்லாதவர் வரக்கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்யவும் பழுது பார்க்கவும் தனி உரிமம் வேண்டும், பாகங்களும் அதில் அடங்கும். "நம்ம கோயமுத்தூர்ல கடையாததா" என்று வீறாப்புப் பேசிப் பேரலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போக நினைப்பவர்கள் அதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

கட்டை பற்றியும் ஒரு வார்த்தை. மரக்கட்டை ஈரத்துக்கு அசையும். கோவை காய்ந்த ஊர்தான், ஆனாலும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் என் ரைபிளில் குண்டு விழும் இடம் லேசாக நகரும். ஆக்‌ஷன் ஸ்க்ரூ இரண்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து 5 நியூட்டன் மீட்டர் பக்கம் ஒரே அளவில் இறுக்கி, மறுபடி ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழுகிறதா என்று) பார்த்துக்கொள்கிறேன். அண்ணனின் அலுமினிய ஸ்டாக்குக்கு இந்த வேலை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் கட்சி ஜெயித்தது.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உடுமலை வரை காற்றாலை நட்டு வைத்திருப்பதே அதை நம்பித்தான். மேட்ச் .22 குண்டு நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில், ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே கிளம்புகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 50 மீட்டரில் அதைச் சுமார் ஓர் அங்குலம் ஒதுக்கிவிடும். பத்தில் விழ வேண்டியது எட்டுக்கோ ஏழுக்கோ போய்விடும். வேகமான தோட்டா போட்டால் தப்பிக்கலாம் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. ஒலி வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் .22 குண்டு வழியில் சட்டென்று வேகம் இழப்பதால் காற்றில் இன்னும் அதிகமாக ஒதுங்கும். ஆடியில் கம்பெனி பேரலுக்கும் கஸ்டம் பேரலுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிமீட்டர், காற்றைத் தப்பாகப் படித்தால் இருபத்தைந்து மில்லிமீட்டர். காற்றைக் காட்ட ரேஞ்சில் கட்டிய ரிப்பன் எந்தப் பக்கம் படபடக்கிறது, எப்போது தொங்குகிறது என்று பார்த்துப் பழகுவதற்கு ஆடியைவிட நல்ல மாசம் கிடையாது. அந்த மாசத்தில் ரேஞ்ச் காலியாகக் கிடப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் சுடுவது ஆயிரம் கஜம், 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா. டிக்கா டி3எக்ஸ் என்ற கம்பெனி ரைபிளில் ஆரம்பித்து இப்போது கஸ்டம் ரைபிளுக்குப் போய்விட்டான். டிக்கா 100 மீட்டரில் மூன்று குண்டு ஒரு எம்ஓஏ-க்குள் என்று உத்தரவாதம் தருகிறது. எம்ஓஏ என்பது கோண அளவு; ஒரு எம்ஓஏ 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், 1000 கஜத்தில் பத்தரை அங்குலம். அதைப் பாதியாக்கினால் அவனுக்கு ஐந்து அங்குலம் மிச்சம், அந்தத் தூரத்தில் அது பெரிய விஷயம். அவன் கணக்கு அங்கே சரிதான். அதோடு அந்தக் காலிபரில் பேரல் 2000, 3000 குண்டில் தேய்ந்துவிடும். எப்படியும் மாற்றியாக வேண்டிய பேரலை நல்லதாகவே போட்டுக்கொள்கிறான். ஈயக் குண்டு போகும் .22 பேரல் பல பத்தாயிரம் குண்டு தாங்கும். என் ரைபிளின் பேரலை நான் தேய்த்து முடிக்கப் போவதில்லை.

காகித வேலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். ரைபிளின் நம்பர் உரிமத்தில் பதிந்திருக்கும். வழக்கமான மாடல் என்றால் அதிகாரிக்கும் புரியும், விற்கும்போதும் ஆள் கிடைப்பார். ஆக்‌ஷனில் ஒரு பெயர், பேரலில் வேறு பெயர் என்று இருந்தால் ஒவ்வொரு மேஜையிலும் கதை சொல்ல வேண்டும். அண்ணன் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகிவிட்டது.

பழைய ரைபிள் பார்க்கப் போகிறவர்கள் கட்டையின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். சேம்பர் வாயில், ஃபயரிங் பின் அடிக்கும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், தோட்டா இல்லாமல் கண்டபடி டிரிக்கர் இழுத்த ரைபிளில் அது இருக்கும். பேரல் முனையின் விளிம்பில் கீறல் இருக்கிறதா பாருங்கள். ஆக்‌ஷனில் உள்ள நம்பரும் விற்பவரின் உரிமத்தில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று நீங்களே படித்துச் சரிபாருங்கள். அவர் எந்த லாட் தோட்டாவில் சுட்டார் என்று கேட்டு, அதில் மிச்சம் இருந்தால் உரிமத்தில் இடம் இருக்கும் அளவுக்கு அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.