பிக்கப் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு சப்வூஃபர்: நாலு வருட அனுபவம்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். வண்டி 2018 ஃபோர்ட் எஃப்-150, சூப்பர்க்ரூ கேபின். நாலு கதவு, பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரும் சீட். 2021 கோடையில் அதற்குள் இரண்டு பத்து இஞ்ச் சப்வூஃபர், அதாவது அடிமட்ட ஒலிக்கான ஸ்பீக்கர், வைத்தேன். இந்த நாலு வருடத்தில் பெட்டியை ஒருமுறை மாற்றினேன், ஸ்பீக்கரை ஒருமுறை மாற்றினேன், வயரிங்கை இரண்டு முறை பிரித்துக் கட்டினேன். இப்போது ஒன்றரை வருடமாக எதையும் தொடவில்லை. அதனால்தான் இப்போது எழுதத் தோன்றியது.

கார் என்றால் டிக்கியில் பெட்டியைத் தூக்கி வைத்துவிடலாம். பிக்கப்பில் டிக்கி இல்லை. பின்னால் இருப்பது வெயிலும் மழையும் படுகிற திறந்த தொட்டி. வைப்பதாக இருந்தால் கேபினுக்குள், ஆட்கள் உட்காரும் இடத்தோடு பங்கு போட்டுத்தான் வைக்க வேண்டும். பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய பெட்டி வைப்பவர்களும் இங்கே உண்டு. எனக்கு அது ஒத்துவராது. பின்னால் மகள் உட்காருவாள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்களும் உட்காருவார்கள். யாருடைய காலுக்கும் இடைஞ்சல் வரக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன். அப்படியென்றால் மிஞ்சுவது சீட்டுக்கு அடியில் இருக்கும் இடம்தான். இந்த வண்டியில் பின் சீட்டின் அடிப்பாகம் மேலே மடங்கும், கீழே தரை சமமாக இருக்கும். அந்த வகையில் அதிர்ஷ்டம்.

முதலில் வாங்கியது ரெடிமேட் பெட்டி. ஸ்பீக்கர் இரண்டும் தரையைப் பார்த்து இருக்கும். பொருத்திய அன்று பிரமாதமாக இருந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, சத்தம் கொஞ்சம் கூட்டினால் 'டப் டப்' என்று காய்ந்த ஓலையில் தட்டுவது போல ஒரு ஓசை வர ஆரம்பித்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். பெட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தால், ஸ்பீக்கரில் அசைகிற கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. தரைக் கம்பளத்திலும் அதே இடத்தில் பிறை போல ஒரு தடம். பெட்டிக்கும் தரைக்கும் நடுவே முக்கால் இஞ்ச் கூட இல்லை. கோன் கீழே இறங்கும்போதெல்லாம் கம்பளத்தை அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதனால் தரையைப் பார்த்து ஸ்பீக்கர் வைப்பவர்கள் முதலில் அளக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். ஒரு இஞ்சுக்குக் குறைந்தால் வேண்டாம், ஒன்றரை இருந்தால் நிம்மதி. அளக்கும்போது கம்பளத்தின் தடிமனையும் கழித்துக்கொள்ளுங்கள். கம்பளத்துக்கு அடியில் வயர் ஓடி மேடு தட்டியிருக்கும், அதையும் கையால் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது பெட்டியை நானே செய்தேன். முக்கால் இஞ்ச் எம்டிஎஃப் பலகை, மரநாரை அழுத்திச் செய்தது. அதிர்வுக்கு எம்டிஎஃப் நல்லது, ஆனால் கனம் பயங்கரம். நாலுக்கு எட்டு அடிப் பலகை ஒன்று நாற்பது கிலோவைத் தாண்டும். கடையிலேயே அறுத்து வாங்கிவிட்டேன். வெளி அளவு 52 இஞ்ச் நீளம், பதிமூன்றரை அகலம், ஆறரை உயரம். கீழே ஒன்றரை இஞ்ச் கால்கள். பலகைத் தடிமனையும் நடுத் தடுப்பையும் கழித்தால் உள்ளே கிட்டத்தட்ட 1.7 கன அடி, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு 0.85. ஸ்பீக்கரின் காந்தமும் கூடை போன்ற சட்டமும் அடைக்கும் இடம் போக 0.8 என்று வைத்துக்கொள்ளலாம். என் ஸ்பீக்கர் ஆழம் குறைந்த வகை, மூன்றரை இஞ்ச் ஆழம்தான். அதற்கு அந்தக் காற்று தாராளம். கணக்குப் போடுவது சுலபம்: உள் அளவுகளை இஞ்சில் பெருக்கி 1728-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும்.

முழுக்க மூடிய பெட்டியாகத்தான் செய்தேன். போர்ட், அதாவது காற்று போய்வரும் துளை, வைத்தால் சத்தம் அதிகம் வரும், ஆனால் இடமும் அதிகம் கேட்கும். பிக்கப் கேபின் சின்ன அறை. சின்ன மூடிய அறையில் அடிமட்ட ஒலி தானாகவே எழும்பும். மூடிய பெட்டியில் அடிமட்டம் மெதுவாகக் குறைந்துகொண்டு போகும், அந்தக் குறைவைக் கேபின் ஈடு கட்டிவிடுகிறது. அளவாகச் செய்த மூடிய பெட்டி காரை விட பிக்கப்பில்தான் எடுபடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது: எங்கேயும் காற்று கசியக் கூடாது. மூலைகள் எல்லாவற்றிலும் உள்பக்கமாகப் பசையை விரலால் தேய்த்து விட்டேன். ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்ட பிறகுதான் ஸ்பீக்கரை மாட்டினேன்.

ஸ்பீக்கரை ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் பணத்தை விடுகிறார்கள். என் ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் ஆம்ப்ளிஃபயர்) 2 ஓம் மின்தடையில் 500 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கிடைக்கும் சக்தி, தருவது, 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. முதலில் வாங்கிய ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றிலும் 4 ஓம் சுருள் இரண்டு. அப்படி இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்தால் 1 ஓம், 4 ஓம் அல்லது 16 ஓம் வரும், 2 ஓம் வராது. 4 ஓமில் ஓட்டி ஆம்பின் சக்தியில் பாதியை வீணாக்கிக்கொண்டிருந்தேன். 2 ஓம் சுருள் இரண்டு உள்ள ஸ்பீக்கராக மாற்றியதும் சரியாக 2 ஓம் அமைந்தது. ஸ்பீக்கரையும் ஆம்பையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும், கண நேரம் மட்டும் வரும் 'பீக்' வாட் எண்ணையும் கண்டுகொள்ள வேண்டாம், ஆர்எம்எஸ் மட்டும் பாருங்கள்.

வயரிங்கில் 4 கேஜ் தடிமனில் செம்பு வயர். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை குறைவு, ஆனால் இந்தக் கரண்டுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பேட்டரியிலிருந்து 18 இஞ்சுக்குள் ஃப்யூஸ் இருக்கிறது. ஃப்யூஸ் ஆம்பைக் காப்பதற்கு என்று நினைக்கிறார்கள். வயர் எங்காவது உரசித் தோல் உரிந்தால் வண்டி தீப்பிடிக்காமல் காப்பதற்குத்தான் அது. இந்த வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் ஒரு சென்சார் உண்டு. ஆம்பின் கிரவுண்டை, அதாவது நெகட்டிவ் வயரை, நேராக அந்த முனையில் மாட்டினால் சென்சார் வழியாகப் போகாத கரண்ட் வண்டியின் கணக்கில் வராது. அதனால் கேபினிலேயே கிரவுண்ட் எடுக்க வேண்டும். 2015-லிருந்து இதன் உடம்பு அலுமினியம், ஆகவே ஸ்க்ரூ கிடைத்த இடத்தில் எல்லாம் இறுக்கிவிட முடியாது. கம்பெனியே கிரவுண்டுக்கு வைத்திருக்கும் போல்ட்டில் சேர்த்தேன். சீட் பெல்ட் போல்ட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறு ஒன்று. எல்லாம் மாட்டி முடித்து சிக்னலில் நின்றால், பாட்டே ஓடாதபோதும் கேபினுக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். காது அடைத்த மாதிரி இருக்கும். கிரவுண்டை மாற்றினேன், வயரை மாற்றினேன், போகவில்லை. காரணம் கூரையில் இருந்தது. என்ஜின் முனகலைக் குறைக்க இந்த வண்டியில் கூரைக்குள் மைக்ரோஃபோன்கள் உண்டு. அவை முனகலைக் கேட்டு அதற்கு எதிரான அலையை ஸ்பீக்கர் வழியாக அனுப்பும். வண்டியோடு வரும் ஸ்பீக்கருக்கு அளந்து செய்த ஏற்பாடு, அதில் அது நன்றாகவே வேலை செய்தது. நான் இரண்டு பெரிய ஸ்பீக்கரை நடுவில் சேர்த்ததும் அந்த எதிர் அலை பல மடங்காகி சப்வூஃபர் வழியாக வந்துவிட்டது. மைக்குகளின் கனெக்டரைக் கழற்றியதும் உறுமல் அந்த நிமிடமே நின்றது. என்ஜின் சத்தம் முன்பை விடக் கொஞ்சம் கேட்கிறது, பழகிவிட்டது.

ஆம்பின் கெயினை, அதாவது அதன் சத்த அளவை வைக்கும் திருகை, நான் காதால் கேட்டு வைக்கவில்லை. 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். 50 ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு, ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, ஆம்பின் வெளிமுனையில் மல்டிமீட்டரில் அந்த எண் வரும்வரை திருப்பினேன். கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், அதாவது அதற்குக் கீழே உள்ள ஒலிதான் சப்வூஃபருக்குப் போகும். அதன் பிறகு திருகை யாரும் தொட்டதில்லை.

சத்தம் வந்ததும் பின் சுவரின் பிளாஸ்டிக் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. பேனலைக் கழற்றி உள்ளே அதிர்வை அடக்கும் ப்யூட்டில் ஷீட் ஒட்டி, கிளிப்புகளுக்கு நுரை நாடா சுற்றினேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. ஆனால் ஸ்பீக்கருக்குச் செலவழித்ததை விட இந்த வேலையில்தான் பலன் அதிகம் தெரிந்தது.

ஒருமுறை திரும்பவும் 'ஜிர்ர்' என்று ஒரு சத்தம். பயந்துபோய்ப் பெட்டியைத் தூக்கினால், மகளின் பச்சை கிரேயான் கோனுக்குக் கீழே படுத்திருந்தது. அன்றே இரும்பு வலை வாங்கி மாட்டினேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வண்டியில் வலை கட்டாயம்.

2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது ஒரு பின் கண்ணாடி அரை இஞ்ச் இறங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. காலையில் கம்பளம் பிழிந்தால் தண்ணீர் வரும் நிலை. எம்டிஎஃப் தண்ணீர் குடித்தால் ஊதி உதிர்ந்துவிடும். கால்களின் அடியில் ரெசின் பூசியிருந்ததாலும், பெட்டி ஒன்றரை இஞ்ச் உயரத்தில் நின்றதாலும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் ஃபேன் வைத்துக் காயவைத்தோம். ஒரு காலின் ஓரம் மட்டும் லேசாக உப்பியிருக்கிறது.

குறை என்றால், சீட்டுக்கு அடியில் சாமான் வைக்கும் இடம் முழுக்கப் போய்விட்டது. ஜம்பர் கேபிள், குடை எல்லாம் இப்போது காலடியில் உருளுகின்றன. மனைவி இதைச் சொல்லாத மாதமில்லை, அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லாம் சேர்த்து, மாற்றிய ஸ்பீக்கரையும் கணக்கில் எடுத்தால், ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே போயிருக்கும்.

போன வருடக் கடைசியில் அப்பா வந்திருந்தார். பேர்லேண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போகும் வழியில் பின் சீட்டில் உட்கார்ந்து கச்சேரி ஒன்று கேட்டுக்கொண்டு வந்தார். அடியில் பெட்டி இருப்பது அவருக்குத் தெரியாது. தனி ஆவர்த்தனம் வந்தபோது முன்னால் குனிந்து, "தம்பி, மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் தனியா கேக்குதுப்பா, வீட்டுல இருக்கிறதுல இப்படிக் கேக்காதே" என்றார். கோவில் வாசல் வந்து வண்டியை நிறுத்திய பிறகும், ஆவர்த்தனம் முடியும்வரை அவர் இறங்கவில்லை.