வீடு ரிப்பேர் கான்ட்ராக்டர், சத்துவாச்சாரி: தண்ணி கட்டிப் பாக்கணும்னு கேட்டா இவருக்குக் கோவம் வருது

ஒரு ஸ்டார் தான் குடுக்கறேன். அதுவும் கிச்சன்ல கிரானைட் மேடை போட்ட தம்பிக்காக, அவரு வேலை சுத்தமா இருக்கு. மத்தபடி பாத்ரூம், மொட்டமாடி, கரண்ட் லைன் மூணுலயும் இந்த கான்ட்ராக்டர் செஞ்சு வச்சிருக்கறத பாத்தா வயிறு எரியுது. விஷயம் நுகர்வோர் கமிஷனுக்குப் (கன்ஸ்யூமர் கோர்ட்டு) போகப்போறதால பேரு போடல, ஆனா நடந்தத முழுசா எழுதறேன். காட்பாடி, பாகாயம், சத்துவாச்சாரி எந்தப் பக்கமா இருந்தாலும் பழைய வீட்ட ரிப்பேர் பண்ண நெனைக்கறவங்க இத படிச்சிட்டு அட்வான்ஸ் குடுங்க.

எங்களுது ஹவுசிங் போர்டு வீடு, கட்டி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் முட்டிகிட்டு ஓடுச்சே, அந்த மழைலதான் மொட்டமாடி மொதல்ல ஒழுக ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் பெட்ரூம் சீலிங்ல ஒரு புது கறை. அத்தைக்கு (என் மாமியார்) முட்டி வலி, கீழ உக்காந்து எழுந்திரிக்க முடியல, அதனால பாத்ரூம இடிச்சு வெஸ்டர்ன் போட்டு, வழுக்காத டைல்ஸ் போட்டு, புடிச்சு எழுந்திரிக்க கம்பி வச்சு, கூடவே கிச்சன் மேடையும் மொட்டமாடியும் சேத்து ஒரே ஆளுகிட்ட குடுத்துடலாம்னு முடிவு பண்ணோம். மெட்டீரியலோட 4,60,000 ரூபா. கொட்டேஷன் கைல எழுதிக் குடுத்தாரு, அதுல என்ன வயரு, எந்த டைல்ஸ், எத்தனை கோட்டு வாட்டர்ப்ரூஃபிங்னு எல்லாம் இருக்கு. அந்த ஒரு பேப்பர் இன்னைக்கு எங்க கைல இருக்கறதாலதான் பேசவே முடியுது. இதுவரைக்கும் 4,00,000 குடுத்துட்டோம், எல்லாம் ஜிபேல போனது, மீதி 60,000. சண்டை இப்ப அந்த அறுபதாயிரத்துல நிக்குது.

பாத்ரூம்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எனக்கு மனசு ஆறாதது அதுதான். பாத்ரூம் தரைனா வாட்டம் இருக்கணும், தண்ணி தானா ஓடி டிராப்புக்குப் (தரைல தண்ணி எறங்கற ஓட்டை) போகணும், அடிக்கு அரைக்கால் இன்ச்சாவது சரிவு வேணும், இது எந்த கொத்தனாரக் கேட்டாலும் சொல்ற விஷயம். இவங்க போட்ட தரைல கோலிகுண்ட வச்சா அது டிராப்ப விட்டுட்டு கதவு பக்கம் உருண்டு வருது. குளிச்ச தண்ணி கதவோரமா தேங்கி நிக்குது, அத்தை கால் வைக்கற எடமே அதுதான், வழுக்காத டைல்ஸ்தான் ஆனா சோப்பு தண்ணி நின்னு நின்னு பாசி புடிச்சா எந்த டைல்ஸ் வழுக்காம இருக்கும் சொல்லுங்க. போன மாசம் அவங்க கம்பிய புடிச்சதால தப்பிச்சாங்க. வாட்டம் சரியில்லன்னு மேஸ்திரிகிட்ட சொன்னா "இன்னாக்கா, வைப்பர் வச்சு ஒரு இழு இழுத்தா போயிடும், போவப்போவ செட் ஆயிடும்"னு சொல்றாரு. சிமெண்ட்டு காஞ்சப்புறம் வாட்டம் எப்படிங்க செட் ஆகும்?

அடுத்து டைல்ஸ். ஒரு ரூபா காசால தட்டிப் பாத்தா பாதி டைல்ஸ் டொக்கு டொக்குனு வெத்து சத்தம் வருது. பின்னாடி நாங்க வரவச்ச வெளி இன்ஜினியர் சொன்னது என்னன்னா, விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணியே உறிஞ்சாது, அரை பர்சன்ட்டுக்கும் கம்மி, அதனால வெறும் சிமெண்ட் பால் ஊத்துனா அது புடிச்சு நிக்காது, அதுக்குன்னு இருக்கற டைல்ஸ் பசைய பல்லு கரணையால (ஓரத்துல பல்லு பல்லா வெட்டியிருக்கற கரணை) முழுசா இழுத்துப் பூசணும், அப்பதான் அடில காத்து இல்லாம ஒட்டும். இவங்க சொவத்து டைல்ஸுக்கு மூலைக்கு ஒன்னு நடுவுல ஒன்னுன்னு கலவை உருண்டை வச்சு அமுக்கி விட்டுட்டு போயிருக்காங்க. கொட்டேஷன்ல டைல்ஸ் பசைக்குன்னு தனியா காசு போட்டிருக்காரு. எங்க வீட்டுக்கு அந்த மூட்டை ஒன்னு ரெண்டுதான் வந்து எறங்குச்சு, நான் பக்கத்துலயே இருந்தேன், எனக்குத் தெரியும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியறது. தெரியாதது டைல்ஸுக்கு அடில இருக்கு. பாத்ரூம் தளத்த எறக்கித்தான் போட்டிருப்பாங்க, பழைய டைல்ஸ எடுத்தப்புறம் அந்தப் பள்ளத்துல வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சு, சொவத்துலயும் ஒரு அடி உயரத்துக்கு ஏத்தி, காயவிட்டு, தண்ணி கட்டி ஒரு நாளாவது, முடிஞ்சா ரெண்டு நாள் விட்டு, பக்கத்து சொவத்துலயும் கீழயும் கசிவு இல்லன்னு பாத்துட்டுத்தான் மேல டைல்ஸுக்கே போகணும். நான் அன்னைக்கே கான்ட்ராக்டர்கிட்ட வாய விட்டுக் கேட்டேன், "தம்பி, தண்ணி கட்டிப் பாத்துட்டு போடுங்க"ன்னு. "அக்கா, காலைல டைல்ஸ் ஆளுங்க வராங்க, அவங்கள நிறுத்துனா அடுத்த வாரம்தான் கெடைப்பாங்க, கூலி யாரு குடுப்பாங்க"ன்னு கோவமா பேசிட்டு மறுநாளே மூடிட்டாரு. இப்ப பாத்ரூமுக்கு அந்தப்பக்கம் இருக்கற பெட்ரூம் சொவுரு முட்டி உயரத்துக்கு ஓதம் ஏறி, பட்டி பொரிஞ்சு, பெயிண்ட்டு தோல் தோலா உரியுது. பீரோவ நகத்திட்டோம், உள்ள இருந்த துணியெல்லாம் பூஞ்ச வாடை.

கரண்ட் விஷயம் இன்னும் மோசம், இத படிக்கறவங்க தயவுசெஞ்சு உங்க வீட்டுலயும் பாத்துக்கோங்க. நாங்க வாங்கி வச்சது மூணு கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர், அது ஓடும்போது 13 ஆம்பியர் இழுக்கும். கொட்டேஷன்ல கீசருக்கு 4 ஸ்கொயர் எம்எம் (உள்ள இருக்கற கம்பியோட கனம்) வயருன்னு அவரே எழுதியிருக்காரு. கொஞ்ச நாள்ல பிளக்கு தொட முடியாத அளவுக்கு சூடாகுது, ஒரு மாதிரி கருகுன வாடை. எங்களுக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வந்து சுவிட்ச் பாக்ஸ கழட்டி வயர வெளிய இழுத்துக் காமிச்சாரு, வயரு மேலயே 1.5ன்னு அச்சடிச்சிருக்கு. அது லைட்டுக்கும் ஃபேனுக்கும் போடற வயரு. வயசானவங்க ஈரக் கையோட நிக்கற பாத்ரூம்ல, செவுத்துக்குள்ள மறைச்சு, விலை கம்மியான வயர இழுத்து வுட்டு 4 ஸ்கொயர் எம்எம்க்கு காசு வாங்கியிருக்காரு. மத்த எல்லாத்தையும் கூட வேலை தெரியாம செஞ்சாங்கன்னு நெனைச்சிக்கலாம், இத எப்படிங்க அப்படி நெனைக்கறது? கீசர அன்னைக்கே நிறுத்திட்டோம், அடுப்புல தண்ணி காய வச்சுத்தான் அத்தை குளிக்கறாங்க.

மொட்டமாடி பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பழைய தட்டோட்டுல இருந்த வெடிப்ப கீறி விட்டு, அடைச்சு, கைப்புடிச் சொவுரும் தளமும் சேர்ற மூலைல கலவையால வளைவு புடிச்சு, அப்புறம் ரெண்டு கோட்டு குறுக்கும் நெடுக்குமா அடிக்கணும். இவங்க தொடப்பத்தால பெருக்கிட்டு மேல ஒரு கோட்டு வெள்ளைய அடிச்சுட்டு போயிட்டாங்க. நம்ம வேலூர் வெயில் உங்களுக்கே தெரியும், மே மாசம் ஒன்னு போதும், அந்த கோட்டிங் அப்பளம் மாதிரி எழும்பி வந்துடுச்சு. மொத மழைலயே அதே எடத்துல ஒழுகுச்சு.

அவரு தரப்புல என்ன சொல்றாருன்னும் எழுதிடறேன், ஒரு பக்கமா எழுதக்கூடாது. பழைய வீடு, தளமே பழசு, இந்த ஏரியா தண்ணி உப்பு, அதனாலதான் சொவுரு பொரியுதுங்கறாரு. தண்ணி உப்புதான், ஒத்துக்கறேன், பக்கெட்ல வெள்ளையா படியறத தெனமும் பாக்கறோம். பழைய வீட்டுல உள்ள என்ன இருக்கும்னு இடிச்சாத்தான் தெரியும், அதுவும் நெஜம்தான், அதுக்காக நடுவுல 15,000 கூட கேட்டப்ப பேசாம குடுத்தோம், மேல சொன்ன நாலு லட்சத்துல அது சேரல. ஆனா வாட்டம் தப்பா போனதுக்கு வீடு பழசா இருக்கறது காரணமா? 1.5 வயரு வந்ததுக்கு உப்பு தண்ணி காரணமா? ஓதம் வரும்னு தெரிஞ்ச வீடுன்னா இன்னும் ஜாக்கிரதையா தண்ணி கட்டிப் பாத்துட்டுதான டைல்ஸ் போட்டிருக்கணும்? இதுக்கு மட்டும் அவருகிட்ட பதில் வரல. பில் கேட்டதுக்கும் "பில்லு வேணும்னா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி கூட ஆவும்"னு சொல்லி துண்டு சீட்டோட முடிச்சுட்டாரு.

கடைசில என் வீட்டுக்காரர் நுகர்வோர் கமிஷன் பத்தி பேச்சு எடுத்தப்ப கான்ட்ராக்டர் சிரிச்சாரு. "இது இன்னா சார் கடைல வாங்குன மிக்ஸியா, கொத்தனார் வேலைக்கெல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட்டு வராது"ன்னு அடிச்சுப் பேசினாரு. வரும். 1993லயே நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்த திருத்தி வீடு கட்டற வேலையையும் சேவைன்னு சேத்துட்டாங்க, இப்ப நடைமுறைல இருக்கற 2019 சட்டத்துலயும் அது அப்படியே இருக்கு. நாம குடுத்த பணம் அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா புகாருக்கு ஃபீஸ் கிடையாது, பிரச்சனை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல. வேலூர்லயே மாவட்ட கமிஷன் இருக்கு. அதுக்கு முன்னாடி 1915 நம்பருக்கு போன் பண்ணா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார பதிவு பண்ணிக்கறாங்க. இத தெரிஞ்சுகிட்டு பேசுனப்புறம்தான் அவரு குரல் எறங்குச்சு.

ஒரு முக்கியமான விஷயம், கோவத்துல வேற ஆளக் கூப்ட்டு ஒடனே இடிச்சுடாதீங்க. இடிச்சுட்டா காட்டறதுக்கு ஒன்னும் இருக்காது. நாங்க ரசமட்டம் (மட்டம் பாக்கற கருவி) வச்ச போட்டோ, கோலிகுண்டு உருள்ற வீடியோ, வயர் மேல இருக்கற அச்சு, ஓதம் ஏறுன சொவுரு, அவரு அனுப்புன வாட்ஸப் வாய்ஸ் எல்லாத்தையும் எடுத்து வச்சு, வெளி இன்ஜினியர் ஒருத்தர ஃபீஸ் குடுத்து வரவச்சு, என்னென்ன குறை, சரி பண்ண எவ்ளோ ஆகும்னு கையெழுத்தோட ரிப்போர்ட் வாங்கிட்டோம். பாத்ரூம் முழுசா இடிச்சு திரும்ப போட்டாத்தான் சரியாகும்னு எழுதியிருக்காரு. கீசர் லைன் மட்டும் ஆபத்துங்கறதால, போட்டோ எடுத்துட்டு பழைய வயர எடுத்து பையில போட்டு வச்சுகிட்டு புது வயர் இழுக்க ஆள் சொல்லியிருக்கோம்.

வேலைக்கு வந்த பசங்கள நான் குறை சொல்லல. காலைல ஒரு வீடு மதியம் ஒரு வீடுன்னு ஓட விடறாரு, மேற்பார்வைக்கு அவரும் வர்றதில்ல, ஆரம்பிச்ச மேஸ்திரி வேற முடிச்ச மேஸ்திரி வேற, அந்தப் பசங்க என்ன பண்ணுவாங்க. கிரானைட் போட்ட தம்பி மட்டும் யாரும் சொல்லாமலே மேடைய மட்டம் பாத்து, சிங்க் ஓரத்துல தண்ணி வழியாம மடிப்பு வச்சு, ஓரத்த கைல தடவிப் பாத்து தேய்ச்சு விட்டுட்டுப் போனாரு. வேலைனா அது வேலை.

ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் அனுப்பியாச்சு. அதுக்கு எழுத்துல பதில் வரல, போன்தான் வந்துச்சு, மொதல்ல அறுபதாயிரத்த போடுங்க, அப்புறம் பாத்ரூம் தரைய மட்டும் மாத்தித் தரேன்னு. நாங்க முடியாதுன்னுட்டோம். தரை, கோட்டிங், வயரு, மொட்டமாடி நாலும் ரிப்போர்ட்ல இருக்கற மாதிரி அவரு செலவுல செய்யணும், மூடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தண்ணி கட்டி எங்க கண்ணு முன்னாடி காட்டணும், இத எழுதி கையெழுத்து போடணும். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாத்துட்டு புகார தாக்கல் பண்ணிடுவோம், பேப்பரெல்லாம் ரெடி. அதுக்குள்ள வந்து ஒழுங்கா செஞ்சு குடுத்தாருன்னா மீதி 60,000 அன்னைக்கே ஜிபேல போயிடும், இந்த ரிவ்யூவையும் நானே மாத்தி எழுதறேன்.